மிளகாய் என்று திருத்தி வாசிக்கவும்

ஏழைகள் எதை என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு வாரியம் இருக்கிறது என்பது, அதன் ஜீப் எங்கள் கடை வாசலில் வந்து நின்று கோழிகளைச் சிதறடிக்கும்வரை எங்களுக்குத் தெரியாது. ஜீப்பின் கதவில் நியாயவிலைப் பரிபாலன வாரியம் என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழில் எழுதுவதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஆனைக்கரையிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஏறுகிற பாதையில் இருக்கிறது கடை. என் கடை என்று சொல்ல மாட்டேன். முத்துப்பேச்சியின் கடை. நான் அவளுடைய கணவன். மூட்டை இறக்குவேன், பேப்பர் வாசித்துக் காட்டுவேன், திட்டு வாங்குவேன். கடைக்குப் பின்னால் சரிவில் முருக்கு மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகள் மட்டும் இருவருக்கும் பொது. தை மாதத்தில் மிளகைப் பறித்துக் காயவைத்து விற்று, அதில் வருவதைக் கொண்டுதான் அந்த வருஷம் முழுக்கக் கடைக்குச் சரக்குப் பிடிப்போம். மிளகு போனால் கடை போகும். எங்கள் பொருளாதாரம் அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள வாரியம் தேவைப்படவில்லை.

மலையில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். விலைப்பட்டியல் மலையாளத்தில் மட்டும் இருந்தால் தமிழ் ஏழை எப்படிப் பயன் பெறுவான் என்று மேலிடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு கடைக்கும் ஒரு தமிழ்ப் பலகை. எங்களுடையதற்கு மஞ்சள் துணி போர்த்தி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஜீப்பிலிருந்து ஒலிபெருக்கியும் இறக்கினார்கள். தனி அலுவலர் கபிரியேல் துணியை விலக்கினார். கோட்டயம் பக்கத்து மனிதர். வேலைக்காகத் தமிழ் பேசப் பழகியவர். ஒலிபெருக்கியைக் கண்டால் இன்னும் நன்றாகப் பேசுவார்.

"இனி விலை தெரியாத ஒரு ஏழை இந்த மலையில உண்டாக மாட்டான். பொருள் கிட்டுமோ இல்லையோ, அது வேற வகுப்பு, வேற டிபார்ட்மென்ட் பார்க்கிற காரியம். விலை உறப்பா கிட்டும். அது என்னோட வாக்கு."

எல்லாரும் கை தட்டினோம். முத்துப்பேச்சி தட்டவில்லை. அவள் பலகையை வாசித்துக்கொண்டிருந்தாள். அரிசி, பருப்பு, சீனி, தேங்காயெண்ணெய் என்று கீழே இறங்கி வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்கிட்டு வாங்க. உலர்ந்த மிளகுன்னு போட்டுருக்காக. பக்கத்துல உள்ளது கிலோ விலையா, கால் கிலோ விலையா?"

கிலோ விலைதான். சந்தையில் மிளகு விற்கிற விலையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"இந்த விலைக்குக் குடுக்குறதுக்கு எதுக்கு ஏணி ஏறணும்? கீழ நின்னு குருவிக்குக் குடுத்துட்டுப் போகலாமே. அதாச்சும் பாடும்."

எனக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மலையாளத்தில் மிளகாய்க்குப் பெயர் முளகு. நம்முடைய மிளகு அவர்களுக்குக் குருமுளகு. இந்த மலையில் சந்தைக்குப் போய் வருகிற எவருக்கும் இது தெரியும். வாரியத்தின் மலையாளப் பட்டியலில் உலர்ந்த முளகு, அதாவது வற்றல் மிளகாய் என்று இருந்திருக்கிறது. தமிழுக்கு வரும்போது அது உலர்ந்த மிளகு ஆகிவிட்டது. மிளகாயின் விலை மிளகின் தலையில் உட்கார்ந்துவிட்டது. மிளகாய் என்கிற சொல் பலகையில் எங்குமே இல்லை.

ஜீப் கிளம்பும்போது ஓடிப் போய்ச் சொன்னேன். கபிரியேல் கண்ணாடியை இறக்கி, "ஆபீசுல வந்து சொல்லு சேட்டா. ஃபங்ஷனுக்கு வந்த இடத்துல டியூட்டி பார்க்க முடியாது," என்றார்.

அன்று சாயங்காலமே தோட்டத்துப் பெண்கள் வற்றல் மிளகாய் கேட்டு வந்தார்கள். அப்போதுதான் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை வாசித்தோம்: பட்டியலில் இல்லாத பொருளை விற்பது ஏழைகளைத் திசைதிருப்பும் குற்றமாகும். முத்துப்பேச்சி மிளகாய் மூட்டையின் மேல் சாக்கைப் போட்டு மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப என்னத்த வச்சுக் குழம்பு வைக்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சர்க்காரு மிளகு தாராக. ரசம் வையி."

"மூணு வேளையுமா?"

"பலகையில அதப் பத்தி ஒண்ணும் போடலடி."

மறுநாள் நான் வாரியத்தின் கிளைக்குப் போனேன். குமுளி போகிற சாலையில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடி. மொழிச் சிறுபான்மைப் பிரிவு என்ற பெயரில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் முத்துசுவாமி. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். பலகையைத் தமிழாக்கியவர் அவர்தான். நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போட்டு, பட்டியலின் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்றது புரியறது. ஆனா ஒண்ணு கேக்கறேன். எங்காத்துல மொளகூஷ்யம்னு ஒண்ணு பண்ணுவோம். கேட்டிருக்கேளா? காய்கறியும் பருப்பும் போட்டுப் பண்றது. பேரு மொளகூஷ்யம். அதுல போடறது மொளகாய்ப் பொடியாக்கும்! சில ஆத்துல மொளகு போடுவா. எது செரின்னு சண்டை போட்டு என் தகப்பனாரும் சித்தப்பாவும் பேச்ச நிறுத்திண்டா. அப்படியிருக்க, நான் ஒருத்தன் எப்படித் தீர்மானிக்கறது?"

"உங்க வீட்டுக் குழம்ப வச்சா சார் எங்க விலையப் போட்டீங்க?"

"குழம்பு இல்லை. கூட்டு மாதிரி," என்று திருத்தினார்.

அவரே என்னைக் கபிரியேலிடம் அழைத்துப் போனார். கபிரியேல் பலகையின் நகலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டில் நான்தான் தவறாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார் என்பது தெரிந்தது.

"சேட்டா, இது ஆணையா வந்த வாக்கு. ஆணையில தப்பு, தெற்று ஒண்ணும் வராது. வந்தா அதுக்குப் பேரு தெற்று அல்ல, சட்டம். திருத்தணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூடுறவரை வாக்குக்கு ஏத்தமாதிரி சரக்குதான் ஒழுங்கா நடந்துக்கணும்."

"மிளகு எப்படி சார் மிளகாய் மாதிரி நடந்துக்கும்?"

"விலையில மட்டும் நடந்துக்கிட்டா மதி, போதும்," என்றார் பெருந்தன்மையாக.

திரும்பி வந்து சொன்னபோது முத்துப்பேச்சி ஏணியில் இருந்தாள். சரங்களில் ஒன்றிரண்டு மணி பழுத்துவிட்டது. ஒன்றிரண்டு பழுத்தால் சரம் முழுக்கப் பறிக்க வேண்டும். விட்டால் உதிரும், பறவை கொண்டுபோகும். கமிட்டி கூடும்வரை பொறு என்று கொடியிடம் சொல்ல முடியாது. இரண்டு பேரும் பறித்தோம். மிதித்து உதிர்த்து, முற்றத்தில் படுதா விரித்துக் கொட்டினோம். பச்சைக் கம்பளம் மாதிரி கிடந்தது. நல்ல வெயில். அந்த வெயில் வேண்டாம் என்று நான் நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஏனென்றால் ஜீப் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போனது. சிலுவைராஜ் என்று பெயர். ஏலப்பாறைக்காரர்; எஸ்டேட்டில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்று, வாரியத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தவர். மடக்கு நாற்காலி ஒன்றும் விசில் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. காவலுக்குப் போட்டுருக்காக."

"எங்க மிளகுக்கு சர்க்காரு காவலா? திருடன் வாரானா?"

"திருடன் இல்லக்கா. மிளகு காஞ்சிரும்ல. அதுக்கு."

விளக்கினார். பச்சை மிளகு பட்டியலில் இல்லை; ஆகவே விற்க முடியாது. உலர்ந்த மிளகு பட்டியலில் இருக்கிறது. ஆகவே வாரியம் சொன்ன விலைக்குத்தான் போக வேண்டும். ஒரு டப்பாவுக்கு மேல் வீட்டில் வைத்திருந்தால் பதுக்கல். பச்சையாக இருக்கும்வரை நாங்கள் விவசாயிகள். உலர்ந்த நிமிஷத்திலிருந்து பதுக்கல்காரர்கள். அந்த நிமிஷம் எது என்று பார்த்து போனில் சொல்வதுதான் சிலுவைராஜின் உத்தியோகம்.

"எப்படிப் பாப்பீக?"

"ஒண்ண எடுத்துக் கடிக்கணும்க்கா. பட்டுனு ஒடைஞ்சா காஞ்சது. அப்பிடித்தான் சர்க்குலர்ல இருக்கு."

அப்படியே செய்தார். மணிக்கொரு தடவை எழுந்து வந்து, தொப்பியைக் கழற்றி, ஒரு மணியை எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்து, போன் செய்தார். "சார், பச்சைதான் சார்." முத்துப்பேச்சி அவருக்கு மோர் கொடுத்தாள். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே மோரைக் குடித்தார். மத்தியானம் எங்களோடு சாப்பிட்டார். மறுநாள் வரும்போது தன் வீட்டுப் பலாக்காய் கொண்டுவந்தார்.

நான்தான் ஓரிடத்தில் நிற்க முடியாமல் அலைந்தேன். வெயில் ஏறினால் படுதாவின் மூலையை இழுத்து மிளகை மூடினேன். மூடினால் பூசணம் பிடிக்கும் என்று முத்துப்பேச்சி திறந்தாள். மேகம் வந்தால் சந்தோஷப்பட்டேன். மழை வந்தால் எல்லாம் அழுகும் என்று நினைத்து அந்தச் சந்தோஷத்துக்காகவே பயந்தேன். வெயிலும் வேண்டாம் மழையும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்ள எந்தச் சாமி இருக்கிறது? குமுளியில் மிளகு வாங்குகிற வியாபாரிக்குப் போன் செய்தேன். ஜீப் நிற்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்றான். ஜீப் போய்விட்டது, நாற்காலிதான் இருக்கிறது என்றேன். நாற்காலி ஜீப்பைவிட மோசம் என்று வைத்துவிட்டான்.

மிளகு கறுத்தது. சுருங்கியது. காலால் துழாவினால் கலகலவென்று சத்தம் கேட்டது. சிலுவைராஜ் ஒன்றை எடுத்துக் கடித்தார். வெடிச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் போனை எடுத்தார்.

"சார், மெத்துனு இருக்கு சார்."

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மெத்துனா? ஒங்க பல்லப் பாருங்க அண்ணாச்சி, பாதி அங்கயே கெடக்கு."

"பேசாம இருங்கக்கா. நான் பொய் சொல்லல. என் பல்லுதான் மெத்துனு இருக்கு."

எத்தனை நாள்தான் மெத்தென்று இருக்கும்? கபிரியேல் சந்தேகப்பட்டு நேரில் வந்தார். ஈரப்பதம் பார்க்கிற கருவி கொண்டுவந்தார். அதில் பேட்டரி இல்லை. முற்றத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சர்க்குலர்படி ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். பட்டென்று ஒலித்தது. மிளகும் உடைந்தது, பல்லுக்கு டாக்டர் போட்டிருந்த உறையும் உடைந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "உலர்ந்நு," என்றார். தமிழ் மறந்துவிட்டது.

மிளகை மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு நடை. முத்துப்பேச்சி தடுக்கவில்லை, அழவில்லை. ஒவ்வொரு மூட்டையின் வாயையும் தானே தைத்தாள். அவர்கள் தைத்தால் சிந்தும் என்றாள். கபிரியேல் ரசீது கொடுத்தார்: உலர்ந்த மிளகு, பதுக்கல் சரக்கு. சிலுவைராஜ் நாற்காலியை மடக்கிக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

அதற்குப் பிறகு என் வேலை மாடிப்படி ஏறுவதும் இறங்குவதும். கமிட்டி கூடியதா என்று கேட்பேன். ஒரு நாள் ஒரு உறுப்பினருக்குத் தமிழ் தெரியாது, அவருக்காக மொழிபெயர்ப்பு நடக்கிறது என்றார்கள். இன்னொரு நாள் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வேறொரு கமிட்டி என்றார்கள். கடையில் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முத்துப்பேச்சி காலி டப்பாக்களை முன்வரிசைக்கு நகர்த்தி வைத்தாள். "நெறைஞ்சு இருக்குற மாதிரி தெரியணும்ல. நாமளும் வாரியம் மாதிரி நடத்துவோம்."

ஒரு நாள் காலையில் முத்துசுவாமியே போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "வந்துடுத்து! திருத்தம் வந்துடுத்து! உடனே வாங்கோ, மாமியையும் அழைச்சிண்டு வாங்கோ."

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருவதற்கு வாடகை ஜீப் பிடித்துக்கொண்டு போனோம். முத்துசுவாமி எழுந்து நின்று வாசித்தார். வாரியத்தின் ஆணைகள், பலகைகள், பதிவுகள் அனைத்திலும் மிளகு என்று வருமிடமெல்லாம் மிளகாய் என்று திருத்தி வாசிக்கவும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"அப்ப மூட்டையக் குடுத்துருங்க," என்றாள் முத்துப்பேச்சி.

ரசீதை வாங்கினார். திருத்தி வாசித்தார். "உலர்ந்த... மிளகாய். பதுக்கல் சரக்கு." நிறுத்தினார். மறுபடி வாசித்தார். இரண்டாவது தடவை குரல் இறங்கியது.

"என்ன சார்?"

"அனைத்திலும்னு போட்டிருக்கா. ரசீதும் ஒரு பதிவுதானே," என்றார் மெல்ல. "உங்ககிட்ட எடுத்தது இப்போ மொளகாயாக்கும்."

கபிரியேலின் அறைக்குப் போனோம். கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. அவருக்குக் குழப்பமே இல்லை. மிளகாய்க்குக் கட்டுப்பாடு உண்டு, பதுக்கினது மிளகாய், ஆகவே பறிமுதல் சரி. முன்னால் சரக்குத் தவறாக இருந்தது, இப்போது அதுவும் சரியாகிவிட்டது.

"மூட்டையத் தொறந்து பாருங்க சார்," என்றாள் முத்துப்பேச்சி. "மோந்தாச்சும் பாருங்க. கீழ ஒங்க கோடவுனத் தாண்டிப் படியேறும்போதே தும்மல் வருது."

"சேச்சி, ரிக்கார்டுக்கு மணம் கிடையாது."

"அப்ப எங்க தோட்டத்துக் கொடியில தொங்குனது என்ன?"

"மிளகாய்க் கொடி."

"மிளகாய் செடியிலதான் சார் காய்க்கும்."

"அது விவசாய வகுப்பு. அவங்ககிட்ட கேளு." பிறகு ஆறுதலாகச் சொன்னார். "வெசனப்படாதே. அந்த மிளகாய் எல்லாம் ஏழைகளுக்குத்தான் போகுது. அடுத்த ஞாயிறு ஆனைக்கரையில சந்தை வைக்கிறோம். நீயும் ஒரு ஏழைதானே? கார்டு கொண்டுவா. அரைக் கிலோ கிட்டும்."

வாடகை ஜீப்பில் வெறுமனே திரும்பினோம். வழி முழுக்க நான் புலம்பினேன். அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். வளைவு ஒன்றில், "கார்டுக்கு அரைக் கிலோன்னுதான சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வாங்குறவளுக எல்லாம் மிளகாய்னு நெனச்சுத்தான வருவாளுக?" ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி, அடகுக்கென்று என் கையில் கொடுத்து, பஸ் பிடித்து மலையிறங்கிக் கம்பத்துக்குப் போய் வற்றல் மிளகாய் வாங்கிவரச் சொன்னாள். நல்லதாக, காம்போடு, நீளமாக.

"கடையில ஏற்கெனவே மூட்டை இருக்கே?"

"அது பத்தாது."

ஞாயிற்றுக்கிழமை ஆனைக்கரைப் பள்ளி மைதானத்தில் பந்தல். ஏழைகளின் மிளகாய்த் திருவிழா என்று தோரணம். வரிசை சாலைவரை நின்றது. எத்தனையோ வாரமாக மிளகாய் கண்ணில் படாத ஜனம். கபிரியேல் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். மேசையில் எங்கள் மிளகு, அரைக் கிலோப் பொட்டலங்களாக, மேலே மிளகாய் என்று சீட்டு ஒட்டி.

முதல் பொட்டலம் வாங்கிய பெண் அங்கேயே பிரித்தாள். "இது என்னது கறுப்பா, உருண்டையா இருக்கு? சார், இது மிளகாய் இல்ல!" வரிசையில் சலசலப்பு ஏறியது.

கபிரியேல் கையை உயர்த்தினார். "கறுப்பா இருக்குன்னு சொல்றாங்க. நம்ம அரசு நிறம் பார்க்கிற அரசு அல்ல. நீளம் இல்லன்னு சொல்றாங்க. குட்டையானவங்களுக்கும் இந்த நாட்டுல இடம் உண்டு. சிவப்பா, நீளமா, பணக்காரன் வாங்குற மிளகாய்தான் வேணும்னு ஏழை பிடிவாதம் பிடிக்கலாமோ? விலையப் பாருங்க! விலை மிளகாய் விலைதானே? பின்ன என்ன சங்கடம்?"

சங்கடத்தோடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில், பந்தலுக்கு ஒரு அடி வெளியே, முத்துப்பேச்சி எங்கள் தராசோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வற்றல் மிளகாய்க் குவியல், சிவப்பாக, நீளமாக, காம்போடு.

"இங்கிட்டு வாங்கம்மா. அந்த மிளகாயக் குடுங்க, இந்த மிளகா வாங்கிட்டுப் போங்க. அரைக்கு அரை. காசு வேண்டாம்."

முதலில் ஒருத்தி தயங்கினாள். மிளகாயை எடுத்து ஒடித்து முகர்ந்தாள், தும்மினாள், சிரித்தாள். அதற்கப்புறம் வரிசை பந்தலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சிலுவைராஜ் விசிலோடு வந்து எங்கள் வரிசையை நேராக நிறுத்தினார். நான் பொட்டலங்களைப் பிரித்து மூட்டையில் கொட்டினேன். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது. முத்துப்பேச்சி என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் முத்துசுவாமி வந்தார். சுற்றும் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "எனக்கும் ஒண்ணு மாத்தித் தரேளா? ஆத்துல பர்வதத்துக்கு மொளகாய் வாங்கிண்டு வரேன்னு சொல்லிட்டேன். இதக் கொண்டு போனா உள்ள விடமாட்டா."

"ஒங்க கூட்டுக்கு எதையும் போடலாம்னு சொன்னீகளாமே சார்?"

"அது சித்தப்பா கட்சி," என்று சொல்லிவிட்டு மிளகாயை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் கபிரியேல் பார்த்தார். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடியே, வயரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"சேச்சி! இது என்ன அனுமதியில்லாத வியாபாரம்?"

"வியாபாரம் இல்ல சார். மிளகாயக் குடுத்து மிளகா வாங்குறேன்."

"ஏமாத்துறியோ? நீ குடுக்குறது மிளகாய். நீ வாங்குறது கு..."

நின்றுவிட்டார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. அந்த 'கு' மைதானம் முழுக்கக் கேட்டது. எதிர்ச் சரிவிலிருந்து திரும்பியும் வந்தது.

"என்ன சார்? நான் வாங்குறது என்ன?" என்றாள் முத்துப்பேச்சி. குரலை உயர்த்தவில்லை. "பேரச் சொல்லுங்க. சொல்லிட்டா அத்தனையும் எங்க மூட்டைதான், பொழுது சாயறதுக்குள்ள நான் ஏத்திட்டுப் போயிருவேன். சொல்லலைன்னா மிளகாய்க்கு மிளகாய். அதுல ஒங்களுக்கு என்ன சார் சங்கடம்?"

அவ்வளவு ஜனமும் கபிரியேலின் வாயைப் பார்த்தது. கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"கு... குடும்பங்களுக்கு உபயோகமானது," என்று முடித்தார். திரும்பி நடந்தார். நாலடி போனதும் அவருக்கே அது பிடித்துப் போயிருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் புதிதாக ஆரம்பித்தார். "பிரியமுள்ளவங்களே! இப்போ ஒவ்வொரு ஏழையோட கையிலயும் சிவந்த மிளகாய் இருக்கு. பாருங்க! இது யாரால ஆச்சு?"

வாரியத்தின் போட்டோக்காரர் ஓடி ஓடிப் படம் எடுத்தார்.

எல்லாம் திரும்பக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். சிலர் மாற்றாமல் கொண்டுபோனார்கள், விவரம் தெரிந்தவர்கள். கடைசியில் எங்களிடம் மிளகாய் தீர்ந்துபோனது, பொட்டலம் தீரவில்லை. ஆனாலும் பாதிக்கு மேல் வந்தது. குமுளி வியாபாரி அன்றே வந்து எடுத்துக்கொண்டான். கடை மூடாமல் தப்பியது. காதில் கிடந்ததை மட்டும் மீட்க முடியவில்லை. ஓலைக்குச்சி போட்டுக்கொண்டு, இதுதான் லேசாக இருக்கிறது என்றாள்.

வாரியம் அந்த வருஷத்து அறிக்கையில், விலைக் கட்டுப்பாட்டின் கீழ் மிளகாய் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்த ஒரே மலை எங்களுடையது என்று எழுதியது. கபிரியேலுக்குப் பதவி உயர்வு. இப்போது சமவெளியில் அரிசி பார்க்கிறாராம்.

ஆடி மழையில் முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. ஜீப்பில் மலையிறங்கினோம். திரும்பி வரும்போது அவளுக்கு உயிர் இல்லை.

கடையில் மாட்டுவதற்குப் படம் தேடினேன். ரேஷன் கார்டில் இருப்பது நகத்தளவு. பெரிதாக்கினால் யாரோ மாதிரி இருந்தது. எங்களிடம் வேறு படம் இல்லை. பிறகுதான் ஜெஸ்னாவின் ரேஷன் கடைச் சுவரைப் பார்த்தேன். வாரியத்தின் சுவரொட்டி. மேலே பெரிய எழுத்தில்: நியாய விலையால் வாழ்வு பெற்ற ஏழைப் பெண். கீழே முத்துப்பேச்சி.

வாரியத்துக்கு எழுதிக் கேட்டேன். பயனாளியின் படம் பயனாளிக்கு மட்டுமே வழங்கப்படும், பயனாளி நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

ஜெஸ்னாவிடம் போய் நின்றேன். அவள் எங்கள் கடையில் மிட்டாய் வாங்கி வளர்ந்த பெண். இப்போது அந்த ரேஷன் கடையை நடத்துகிறாள்.

"அது கவர்மென்ட் சாதனமல்லே சேட்டா, கிழிக்கான் பாடில்ல," என்றாள். கிழிக்கக் கூடாதாம். ஒரு வாளித் தண்ணீரையும் பழைய துணியையும் என் பக்கத்தில் வைத்தாள். பிறகு மண்ணெண்ணெய்ப் பீப்பாயைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போய், வெகுநேரம் வரவில்லை.

நனைத்து நனைத்து உரித்தேன். எழுத்துகள் சுவரோடு தங்கிவிட்டன. அவள் மட்டும் முழுதாகக் கையில் வந்தாள். படம் எடுத்தவர் எவ்வளவோ கூப்பிட்டிருப்பார், இங்கே பார், சிரி என்று. அவள் அவரைப் பார்க்கவில்லை. சுற்றிலும் அவ்வளவு கூட்டம், கை நிறைய மிளகு. அவள் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.